முதுமைக்கு ஓர் ஏரிக்கரை

(அறக்கட்டளையின் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் பாவாபுரி என்றோர் ஊர். அங்கே தாமரை நிறைந்த ஒரு தடாகம். தடாகத்தின் நடுவே வெண்பளிங்குக் கோயில். கரையிலிருந்து கோயிலுக்குச் செல்ல ஒரு பாலம். பகவான் மகாவீரர் தம் 72ஆம் வயதில், கி.மு. 527இல், ஐப்பசி அமாவாசை வைகறையில் வீடுபேறு எய்திய தலம் அது. அவர் திருமேனிக்கு எரியூட்டிய இடத்து மண்ணை அடியவர் ஒவ்வொருவரும் ஒரு பிடி எடுத்துச் செல்ல, அங்கே பள்ளம் விழுந்து, அப்பள்ளமே தடாகமாயிற்று என்பது வழிவழி வரும் செய்தி. தீபாவளி நாளில் நம் இல்லங்களில் ஏற்றும் விளக்கு அந்த வைகறையின் நினைவாகும்.

முப்பது வயதில் அரண்மனையைத் துறந்து, 42ஆம் வயதில் கேவல ஞானம் பெற்று, அதன்பின் முப்பது ஆண்டு ஊர் ஊராக நடந்து அறம் உரைத்தவர் பகவான். அத்தகையவர் இறுதியாகத் தங்கியது ஒரு நீர்நிலையை நினைவூட்டும் ஊரில் என்பது எண்ணி மகிழத்தக்கது.

இன்னொரு நீர்நிலையும் நம் மரபில் உண்டு. கர்நாடகத்தில் உள்ள சிரவணபெளகொளத்தின் பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. ‘பெள்’ என்றால் வெண்மை. ‘கொள’ என்றால் குளம். சமணரின் வெண்குளம் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். சந்திரகிரி, விந்தியகிரி என்னும் இரு குன்றுகளுக்கு இடையே அக்குளம் இன்றும் இருக்கிறது. விந்தியகிரி மேல் நிற்கும் கோமடேசுவரர் திருவுருவம் கி.பி. 981இல் சாமுண்டராயரால் நிறுவப்பட்டது. ஆயின் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே எதிரேயுள்ள சிறிய குன்று புகழ் பெற்றுவிட்டது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று உணர்ந்த பத்திரபாகு முனிவர் சங்கத்தாருடன் தெற்கே புறப்பட்டபோது, மௌரியப் பேரரசர் சந்திரகுப்தர் ஆட்சியை மகன் பிந்துசாரரிடம் ஒப்படைத்துவிட்டு அவருடன் வந்தார் என்றும், சந்திரகிரியில் ஆசிரியருக்குத் தொண்டு செய்து, பின்னர்த் தாமும் சல்லேகனை ஏற்று உயிர் நீத்தார் என்றும் திகம்பர மரபு கூறுகிறது. அந்தச் சங்கத்தின் ஒரு பகுதியே விசாகாசாரியர் தலைமையில் தமிழகம் புகுந்தது என்பதும் நாம் போற்றி வரும் செய்தி.

பாடலிபுத்திரத்தில் கங்கை பெருகி ஓடியது. மாளிகைகளுக்கும் தோட்டங்களுக்கும் அங்கே குறைவில்லை. அவற்றை விட்டுப் பேரரசர் ஒருவர் தம் இறுதிக் காலத்துக்கு ஒரு சிறு குன்றையும் அதன் அடியில் ஒரு குளத்தையும் தேர்ந்தது, அங்கே அவர்தம் ஆசிரியர் இருந்தமையால்; அங்கே செய்வதற்கு அவருக்கு ஒரு தொண்டு இருந்தமையால். முதுமைக்கு இடம் தேடுவோர் அனைவரும் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி இது.

இன்றைய உரையின் பொருளும் அதுவே. பணி ஓய்வு பெற்றபின் எங்கே வாழ்வது? ஏரிக்கரையில் அமைந்த முதியோர் குடியிருப்புகள் என்று நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. நம் குடும்பங்களிலும் பலர் அவற்றைப் பார்க்கின்றனர். சிலர் முன்பணமும் கட்டுகின்றனர். இது நாட்டில் எல்லாருக்கும் உள்ள கேள்விதான். ஆயின் சிராவகர் இதற்கு விடை காணும் முறை சற்று வேறாக இருத்தல் வேண்டும்.

பணி ஓய்வு என்பது அரசாங்கம் கண்டுபிடித்த ஒன்று என நாம் எண்ணுகிறோம். சிராவகர்க்குரிய பதினொரு நிலைகளை வகுத்த ஆசிரியர் சமந்தபத்திரர் அதனை என்றோ சொல்லிவிட்டார். முதல் ஏழு நிலைகள் நற்காட்சி, விரதம், சாமாயிகம், நோன்பு, பச்சைப் பொருள் விலக்கு, இரவுண்ணாமை, பிரமசரியம் ஆகியன. எட்டாம் நிலை ஆரம்பத் துறவு. ஊழியம், உழவு, வாணிகம் ஆகிய தொழில்கள் உயிர்களுக்கு ஊறு விளைப்பனவாதலால் அவற்றிலிருந்து விலகி நிற்றல் என்பது அதன் பொருள். ஒன்பதாம் நிலை பற்றுள்ள பொருள்களைத் துறத்தல். பத்தாம் நிலை, இல்லத்தார் செய்யும் உலகியல் செயல்களுக்கு இசைவும் அளிக்காதிருத்தல். பதினொன்றாம் நிலையில்தான் சிராவகர் வீட்டை விட்டு முனிவர் உறையும் வனத்துக்குச் செல்கிறார்.

இந்த வரிசையை ஊன்றிப் பார்க்க வேண்டும். தொழில் முதலில் விடப்படுகிறது. பொருள் அடுத்து விடப்படுகிறது. ‘நான் சொல்வதே நடக்க வேண்டும்’ என்னும் எண்ணம் அதற்கும் அடுத்து விடப்படுகிறது. இடம் மாறுவது கடைசியில். இன்று நாமோ தலைகீழாகச் செய்கிறோம். முதலில் இடத்தை மாற்றிவிடுகிறோம். மற்ற மூன்றையும் பெட்டியில் கட்டி உடன் எடுத்துச் செல்கிறோம். புதிய ஊரில், புதிய வீட்டில், பழைய அலுவலகத்தின் அதிகாரமும் பழைய வீட்டின் மனக்குறைகளும் நம்முடன் குடியேறுகின்றன. ஏரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு மருந்து ஆகாது.

நம் சமூகத்தில் இன்று பல வீடுகளில் நடப்பதைத் தொகுத்து ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர், அகவை அறுபத்தாறு. மனைவியார்க்கு அறுபத்திரண்டு. மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். சென்னையில் சொந்தமாக ஓர் அடுக்ககம். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பூட்டிக் கிடக்கும் பழைய ஓட்டுவீடு. அவ்வூரில் ஜினாலயமும் ஏரியும் உண்டு. மகன் இணையத்தில் பார்த்து ஓர் ஏரிக்கரைக் குடியிருப்பின் விவரங்களை அனுப்புகிறார். நடைபாதை, நூலகம், உணவுக்கூடம், மருத்துவர் அறை எல்லாம் அதில் உண்டு. கணவர்க்கு விருப்பம். அம்மையார் ஒன்றே ஒன்று கேட்கிறார்: “அங்கே ஏரி இருக்கிறது, சரி. நம்மை அறிந்தவர் யார் இருக்கிறார்?”

இக்கேள்விக்கு விடை சொல்லுமுன், அந்த ஏரியையே முதலில் ஆராய்வோம்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு தெரு இருக்கிறது. அத்தெருவில் எங்கு நின்று பார்த்தாலும் ஏரி தெரியாது. அங்கிருந்த பெரிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் இன்று வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. கரையின் நினைவாக ‘டேங்க் பண்ட் ரோடு’ என்ற பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. 2015 டிசம்பர் முதல் நாட்களில் பெய்த பெருமழையில் வேளச்சேரி, முடிச்சூர் முதலிய இடங்களில் நீர் தன் பழைய இருப்பிடத்தைத் தேடி வீடுகளுக்குள் புகுந்ததை மறந்தவர் இலர். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியிலோ கழிவுநீர் நுரையாகப் பொங்கிச் சாலைக்கு வந்தது. 2017இல் ஏரியின் மேற்பரப்பிலேயே தீப்பற்றி எரிந்தது. அதன் கரையிலும் ஏரியைக் காட்டி விற்ற வீடுகள் உண்டு.

ஆகவே, ஏரிக்கரையில் வீடு வாங்குவோர் முதலில் கேட்க வேண்டியது, வீட்டிலிருந்து ஏரி தெரிகிறதா என்பதை அன்று; வீடே ஏரிக்குள் இருக்கிறதா என்பதை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்தால், நிலம் ஏரிப் புறம்போக்கா, வாய்க்காலா, பட்டா நிலமா என்பது விளங்கும். நீர்வரத்துக் கால்வாய் எங்கிருந்து வருகிறது, கலங்கல் எப்பக்கம் வழிகிறது, மனை கலங்கலின் கீழ்ப்பக்கம் இருக்கிறதா என்பவற்றை உள்ளூர் முதியவர் ஒருவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது. சட்டத்தால் இடிக்கப்படக்கூடிய வீட்டில் முதுமையை அடகு வைத்தல் ஆகாது.

சிராவகர்க்கு இதில் வேறொரு பொறுப்பும் உண்டு. விலக்கத்தக்கன என்று நம் நூல்கள் எண்ணும் பதினைந்து கொடுந்தொழில்களுள், ஏரி குளங்களை வற்றச் செய்தலும் ஒன்று. நீரில் வாழும் உயிர்களும், அந்நீரை நம்பி வாழும் உயிர்களும் எண்ணிலடங்கா என்பதே காரணம். ஏரியைத் தூர்த்து எழுந்த வீட்டை விலை கொடுத்து வாங்குபவர், மண்வெட்டியைக் கையால் தொடாவிட்டாலும் அச்செயலுக்கு இசைவு தந்தவர் ஆகிறார்.

நல்ல ஏரிக்கரைக்கும் எடுத்துக்காட்டு அருகிலேயே இருக்கிறது. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிக்கு வரும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர். பறவைகளைச் சுடுவதைத் தடுத்து, அவர்கள் கேட்ட பாதுகாப்பு உரிமையை 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்தில் வழங்கினார். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. பறவைகள் அஞ்சும் என்பதால் தீபாவளிக்கும் அங்கே வெடி வெடிப்பதில்லை. அகிம்சை என்பது ஓர் ஊரின் அன்றாட வழக்கமாக எப்படி அமையும் என்பதற்கு அந்த ஏரி சான்று. ஓர் ஊரின் தன்மையை அறிய விரும்புவோர் அவ்வூரார் தம் ஏரியை எப்படி வைத்திருக்கின்றனர் என்று பார்த்தால் போதும்.

அடுத்து, உணவு. சென்னைப் பகுதியில் டிசம்பர் தொடக்கத்தில் கதிரவன் மறைவது ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கு, ஜூன் இறுதியில் 6.35 மணி அளவில். பொது உணவுக்கூடங்களில் இரவு உணவு பெரும்பாலும் ஏழரை மணிக்குத்தான் வரும். நாற்பது ஆண்டு அலுவலகம் சென்றபோதும், மாலைச் சிற்றுண்டியைப் பையில் கட்டிச் சென்று, தொடர்வண்டியில் கதிர் மறையுமுன் உண்டு, இரவுண்ணாமையைக் காத்தவர்கள் நம் பெற்றோர். ஓய்வு பெற்ற பிறகு ஓர் உணவுக்கூடத்தின் கால அட்டவணைக்காக அவ்விரதத்தைக் கைவிடுவதா? தனியாகச் சமைக்க அடுப்பறை உண்டா? நீரை வடிகட்டிப் பயன்படுத்த வசதி உண்டா? கிழங்கு தவிர்த்த உணவு கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்களா? நடந்து செல்லும் தொலைவில் ஜினாலயம் உண்டா? நோன்பு நாளில் உடனிருந்து சாமாயிகம் செய்ய இரண்டு பேராவது உண்டா? இக்கேள்விகள் விளம்பரத் தாளில் இரா. அவற்றை நாமே கேட்க வேண்டும்.

மருத்துவத்தை எளிதாகப் பேசிவிட இயலாது. சிற்றூர் வாழ்வைப் புகழ்ந்து பேசுவோர், இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் இரத்த உறைகட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். அதுவும் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே. எனவே மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதைவிட, இந்த வீட்டு வாசலிலிருந்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பதே முறை. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இயங்குகிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மருந்துகள் வீடு தேடி வருகின்றன. இவை சிற்றூர்களுக்குக் கிடைத்த பெருந்துணை. ஆயினும் இதயநோயோ, வாரந்தோறும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய சிறுநீரக நோயோ உள்ளவர் நகரை ஒட்டி வாழ்வதே அறிவுடைமை. அதில் குறைவேதும் இல்லை. உடம்பு அறத்துக்குக் கருவி. கருவியைக் காப்பதும் கடமை.

பொருள் பற்றியும் சில செய்திகள். முதியோர் குடியிருப்புகளில் சில வீட்டை விற்கின்றன. சில வைப்புத்தொகை பெற்றுக்கொண்டு வாழ்நாள் வரை தங்க இடம் தருகின்றன. சில மாத வாடகைக்குத் தருகின்றன. விற்பனையாயின், அத்திட்டம் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு பெற்றதா என்று பார்த்தல் வேண்டும். வைப்புத்தொகையாயின், கணவன் மனைவியருள் ஒருவர் காலமானால் மற்றவர் அங்கேயே இருக்கலாமா, விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும். படுக்கையில் விழுந்தவரை அங்கேயே பேணுவார்களா, வெளியே அனுப்புவார்களா என்ற கேள்வியைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். பேணுதல் இல்லாத முதியோர் குடியிருப்பு, இன்னொரு விடுதியே.

சொந்த வீட்டை விற்றோ, மக்கள் பெயருக்கு எழுதி வைத்தோ இடம் பெயர்வோர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் நன்று. ஒன்பதாம் நிலையாகிய பொருள் துறவு உயர்ந்ததுதான். ஆயின் அந்நிலைக்கு ஆயத்தம் ஆகாதவர் அன்பின் மிகுதியால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் வருந்துவது துறவாகாது. தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதியிருந்தால், பேணாதபோது அப்பத்திரத்தை நீக்கக் கோரி முறையிட 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. நிபந்தனை எழுதுவது மக்கள் மேல் ஐயம் கொள்வது ஆகாது. நாளை எவர் மனமும் கலங்காதிருக்க இன்று இடும் வரம்பு அது.

வரம்பு என்ற சொல் நம்மை விரதத்துக்கு அழைத்து வருகிறது. இல்லறத்தார் விரதங்களுள் தேசவிரதம் ஒன்று. இத்தனை காலத்துக்கு இந்த எல்லையைத் தாண்டிச் செல்லமாட்டேன் என்று உறுதி கொள்வது அது. எல்லையாக வீடு, ஊர், வயல், ஆறு, காடு ஆகியவற்றைக் கொள்ளலாம் என்றும், காலத்தை ஓராண்டு, ஓர் அயனம், நான்கு மாதம், ஒரு மாதம், ஒரு பக்கம் என வரையறுக்கலாம் என்றும் சமந்தபத்திரர் வகுத்திருக்கிறார். எல்லைக்கு வெளியே நம்மால் எவ்வுயிர்க்கும் தீங்கு இல்லையாதலால், அவ்வெளியில் இல்லறத்தாரும் முனிவரைப் போன்றவர் ஆகிறார் என்பது அதன் சிறப்பு. விரதங்களைத் தமிழில் விளக்கும் அருங்கலச்செப்பு நம் வீடுகளில் ஓதப்பட்ட நூல். இளைஞர்கள் அதனை மீண்டும் கையில் எடுக்க வேண்டும்.

முதுமைக்கு வீடு தேடுவது என்பது ஒரு நீண்ட தேசவிரதத்துக்கு எல்லை தேடுவதே. இப்படிக் கொண்டால் வழியும் தெளிவாகிறது. வாழ்நாள் முழுமைக்கும் ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை. முதலில் நான்கு மாதம் தங்கிப் பார்க்கலாம். முனிவர்கள் மழைக்காலத்தில் சாதுர்மாசம் இருப்பதுபோல, ஆடியில் தொடங்கிக் கார்த்திகை வரை அவ்வூரில் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். ஏரி நிரம்புவதையும், கலங்கல் வழிவதையும், கொசு பெருகுவதையும், மின்சாரம் நின்றுபோகும் இரவுகளையும், வழுக்கும் படிகளையும், மழை நாளில் மருத்துவர் வருகிறாரா என்பதையும் காணலாம். விற்பவர் ஏரியைத் தை மாதத்தில் காட்டுவார். வைகாசியிலும் ஒரு முறை சென்று பார்த்தல் வேண்டும். நீர் வற்றிய ஏரியில் மீன் குத்தகைக்காரர் வலை வீசும் காட்சி சிராவகர் மனத்தைத் துன்புறுத்தும். அதையும் கண்டு, அவ்விடத்தில் தம்மால் அமைதியுடன் வாழ இயலுமா என்று முன்னரே அறிந்துகொள்வது நல்லது.

அம்மையார் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நம்மை அறிந்தவர் யார் இருக்கிறார்?

போளூரை அடுத்த திருமலையில் குந்தவை ஜினாலயமும், குன்றின்மேல் நெடிதுயர்ந்த நேமிநாதர் திருவுருவமும் இருப்பதை அனைவரும் அறிவர். அக்குன்றின் அடியில் ஒரு பாறையில் முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று செய்யுள் வடிவில் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது அது. குணவீர மாமுனிவர் என்பவர், கணிசேகர மருபொற்சூரியன் என்னும் பெருமகனார் பெயரால் ஒரு கலிங்கு அமைத்து, இருபுறமும் நெல் விளையக் கண்டார் என்பது அது தரும் செய்தி. உடைமை ஏதும் இல்லாத முனிவர். தமக்கென ஒரு பிடி நிலமும் வேண்டாதவர். அவர் தாம் தங்கியிருந்த ஊருக்குச் செய்த உதவி, ஏரிக்குக் கலிங்கு. அதற்கும் தம் பெயரை இடவில்லை.

ஆர்க்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் கி.பி. 945ஆம் ஆண்டினதாகிய, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, திருப்பான்மலை அரிட்டநேமி பிடாரரின் மாணவியாகிய பட்டினிக் குரத்தியடிகள் ஒரு கிணறு தோண்டுவித்ததைக் கூறுகிறது. அக்கிணறும் வீடும் பெண்பள்ளியாக அமைக்கப்பட்டன. ஒரு நீர்நிலை, அதன் அருகே ஓர் இல்லம், அங்கே ஒருவர்க்கொருவர் துணையாக அறநெறியில் வாழும் பெண்டிர். இன்று கோடிக்கணக்கில் செலவிட்டு விளம்பரம் செய்யப்படும் கருத்து, நம் சமயப் பெண்மணி ஒருவரால் ஆயிரத்து எழுபது ஆண்டுக்கு முன்பே வடஆர்க்காட்டு மண்ணில் செய்து காட்டப்பட்டது.

இவ்விருவரும் நமக்குக் காட்டும் வழி தெளிவானது. நீர்நிலையின் அருகே தங்கியவர் அந்நீர்நிலைக்கும் அவ்வூர்க்கும் ஏதேனும் செய்தார். செய்தவரை ஊர் அறிந்துகொண்டது. நம்மை அறிந்தவர் இருக்கும் இடத்தைத் தேடுவதோடு, நாம் பயன்படக்கூடிய இடத்தையும் தேட வேண்டும். முதியவர் ஒருவர் காலையில் எழும்போது, இன்று தமக்காகக் காத்திருக்கும் ஒரு வேலை உண்டு என்று அறிந்தால் அவர் கால் தானே நடக்கும். கோயிலில் விளக்கு ஏற்றுதல், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருதல், படுக்கையில் உள்ள இன்னொரு முதியவருக்கு நூல் வாசித்துக் காட்டுதல், எல்லாம் வேலையே. நம் நூல்கள் இதனை வையாவிருத்தியம் என்று சொல்லும்.

மேல்சித்தாமூர், பெருமாண்டூர், வெண்குன்றம், கரந்தை, வீடூர் எனத் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் நம் ஊர்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலான ஊர்களில் ஏரி உண்டு, ஜினாலயம் உண்டு, பூட்டிய வீடுகளும் உண்டு. சில ஊர்களில் பூசை செய்யும் வாத்தியார் குடும்பம் ஒன்றைத் தவிர நாள்தோறும் கோயிலுக்கு வருவோர் இரண்டு மூன்று பேர். பிரம்மோற்சவ நாளில் கார்கள் தெருவை அடைக்கின்றன. மறுநாள் தெரு வெறிச்சோடுகிறது. ஒருபுறம் ஏரிக்கரை தேடி அலையும் முதியோர். மறுபுறம் முதியோரைத் தேடி நிற்கும் ஏரிக்கரைகள்.

எனினும் பூட்டிய வீட்டைத் திறந்தால் மட்டும் போதாது. அறக்கட்டளைகள் முன்வந்து செய்ய வேண்டியவை சில உள்ளன. ஓர் ஊரில் நான்கைந்து பழைய வீடுகளையேனும் முதியோர்க்கு ஏற்பச் சீரமைக்கலாம்: வழுக்காத தரை, கைப்பிடி உள்ள குளியலறை, உயரமான கழிப்பறை, படிக்குப் பதில் சரிவுப் பாதை. கதிர் மறையுமுன் உணவு தரும் பொது அடுக்களை ஒன்று அமைக்கலாம். உள்ளூர்ப் பெண்கள் சிலர்க்கு அதனால் வேலையும் கிடைக்கும். அருகிலுள்ள நகரின் மருத்துவர் ஒருவரை வாரம் ஒருமுறை வரச் செய்யலாம். அவசரத்துக்கு ஒரு வண்டியும் ஓட்டுநரும் ஊரிலேயே இருக்க வேண்டும். சாதுர்மாச நான்கு மாதத்துக்கு மட்டும் வந்து தங்க விரும்புவோர்க்கும் இடம் தரலாம். ஏரியை ஊரார் கூடிப் பேணும் குடிமராமத்து என்னும் பழைய வழக்கம் 2017இல் அரசுத் திட்டமாக மீண்டும் உயிர் பெற்றது. கரையைச் செப்பனிட ஊரார் கூடும்போது நம்மவரும் மண்கூடையோடு, அல்லது இயன்ற பொருளோடு, அவர்களுடன் நிற்க வேண்டும். அவ்வூரில் வாழும் பிற சமயத்தார் அனைவரும் அதே நீரைக் குடிப்பவர்கள். நம் அண்டை அயலார்.

எடுத்துக்காட்டாகக் கொண்ட தம்பதியர் என்ன செய்தனர்? ஏரிக்கரைக் குடியிருப்புக்கு முன்பணம் கட்டுவதைத் தள்ளி வைத்தனர். ஓட்டுவீட்டைத் திறந்து, கழிப்பறையைப் புதிதாகக் கட்டி, ஆடி முதல் கார்த்திகை வரை தங்கினர். மழை ஒழுகியது, ஐப்பசியில் மூன்று நாள் மின்சாரம் இல்லை, அம்மையாரின் முழங்கால் வலி கூடியது. வாத்தியார் வெளியூர் சென்ற நாட்களில் கோயில் விளக்கை அம்மையார் ஏற்றினார். மாலையில் எட்டுப் பிள்ளைகள் திண்ணைக்குப் பாடம் கேட்க வந்தனர். தீபாவளி வைகறையில் அவ்வூர் ஜினாலயத்தில் நிர்வாண பூசைக்குப் பதினொரு பேர் கூடினர். முந்தைய ஆண்டு கூடியவர் நால்வர். கோடைக்கு மகள் வீட்டுக்குச் சென்றனர். அடுத்த ஆடியில் மீண்டும் வருவதா என்பதை உடல்நிலை பார்த்து முடிவு செய்வதாக மகனுக்கு எழுதினர். ஆனால் திண்ணைக்கு வந்த பிள்ளைகளிடம் அம்மையார் சொல்லிவிட்டு வந்தது: “ஆடிப் பிறப்பு அன்று வந்துவிடுவோம். வாய்பாட்டை மறந்துவிடாதீர்கள்.”

அவர்கள் செய்ததே எல்லார்க்கும் பொருந்தும் என்பது இல்லை. சிலர்க்கு நகரமே ஏற்றது. சிலர்க்கு நன்கு நடத்தப்படும் முதியோர் குடியிருப்பு ஏற்றது. எங்கே ஆயினும் எல்லையை வகுத்துக்கொண்டு, அவ்வெல்லைக்குள் இரவுண்ணாமை காத்து, சாமாயிகம் செய்து, அண்டையில் இருக்கும் ஓர் உயிர்க்கேனும் துணை நின்று வாழ இயலுமா என்று பார்த்துத் தேர்வோம். சந்திரகுப்தர் வெண்குளத்தருகே தேடியது அதுதான். குணவீர மாமுனிவர் திருமலை அடியில் விட்டுச் சென்றதும் அதுதான்.

இவ்வாண்டு மழைக்காலம் தொடங்குமுன் ஒவ்வொரு குடும்பமும் ஒரு முறை சொந்த ஊருக்குச் சென்று, வீட்டுப் பூட்டைத் திறந்து, ஜினாலயத்தில் விளக்கேற்றி, ஏரிக்கரையில் சிறிது நேரம் நடந்து வரட்டும். அதன்பின் எந்த விளம்பரத்தையும் பார்க்கலாம்.

அறம் வளர்க! அனைத்துயிரும் இன்புறுக! ஜெய ஜினேந்திரா.